விழுந்தால் சத்தம் கேட்கும்

அண்ணையின் கணினியில் இணைய வயர் செருகும் துளைக்கு மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். காயத்துக்குப் போடுகிற அதே பிளாஸ்டர். ஓரம் கறுத்து உரிந்து, இரண்டு மூன்று தடவை மாற்றி ஒட்டியது. திருகோணமலை ஏகாம்பரம் வீதிப் பக்கம் இருக்கும் அவருடைய அச்சுக் கடையில் நான் ஏழு வருடம் வேலை செய்தேன். முதல் நாளே அவர் சொன்ன விதி அதுதான். "தம்பி, இதுக்குள்ள என்ன வேணுமெண்டாலும் செய். அந்த ஓட்டைக்குள்ள மட்டும் வயர் குத்தாத." வைரஸுக்குப் பயந்துதான் என்று கனகாலம் நினைத்திருந்தேன். அவர் பயந்தது அப்டேட்டுக்கு என்பது பிறகுதான் விளங்கியது.

இப்போது நான் வீட்டில் இருந்துதான் வேலை செய்கிறேன். அவசரம் என்றால் கடைக்கும் போவேன். போன மாதம் என் மடிக்கணினியில், நான் தினமும் வரைகிற மென்பொருள் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டியது. புதிய பதிப்பு தயார், நிலைத்தன்மையும் வேகமும் கூட்டப்பட்டிருக்கின்றன என்று இரண்டே வரி. கீழே இரண்டு பொத்தான்: 'இப்போதே', 'பிறகு'. நான் 'பிறகு' என்றதை அழுத்தினேன். அடுத்த நாளும் அழுத்தினேன். மூன்று கிழமை அழுத்தினேன். அண்ணையின் பிளாஸ்டரைப் பார்த்து எத்தனை பேரிடம் சிரித்திருக்கிறேன். அதையேதான் நானும் ஒவ்வொரு காலையும் மவுஸால் ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது உறைத்தது. அதிலிருந்து மனம் அதையே சுற்றுகிறது. நிலைத்தன்மை கூட்டப்பட்டிருக்கிறது என்று ஒருவன் சொல்கிறான். எனக்கேன் காலடி நகர்கிற மாதிரி இருக்கிறது?

படம் இல்லாத படம்

வெக்டர் மென்பொருள் ஏன் இப்படி அடிக்கடி விழுகிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். கையில் பென் டிரைவோடு பின்னால் நின்றுகொண்டு, திரை உறைந்து கிடப்பதைப் பார்த்து, "ஒரு பெனர்தானே, ஃபோனில கூட செய்யலாமே" என்பார்கள். ஃபோனில் எடுக்கும் படம் புள்ளி புள்ளியாகச் சேமிக்கப்பட்டது. திறந்தால் அப்படியே காட்டிவிடலாம். நாங்கள் வரையும் வெக்டரில் படம் என்று ஒன்றும் ஃபைலுக்குள் கிடையாது. இங்கே தொடங்கு, அங்கே முடி, போகும் வழியில் இந்தப் பக்கம் வளை, இந்த நிறத்தை நிரப்பு என்ற குறிப்புகள்தான் இருக்கின்றன. வளைவுக்கான கணக்கு 1960களில் ரெனோ கார் நிறுவனத்தில் இருந்த பியேர் பெசியே பரப்பியது. கார் உடம்பின் வளைவை வரையப் பிறந்த கணக்கு இன்றைக்கு எங்கள் ஊரில் பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழின் மாங்காய்க் கரையை வளைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தாலும், ஓர் அங்குலம் நகர்த்தினாலும், அவ்வளவு குறிப்பையும் முதலில் இருந்து வாசித்துத் திரும்ப வரைய வேண்டும். பத்து வளைவு என்றால் சரி. திருக்கோணேச்சரக் கோபுரத்தை ஒரு புகைப்படத்தில் இருந்து தானாகப் பிரதியெடுக்க விட்டால்?

அதை நான் செய்திருக்கிறேன். எல்லோரும் செய்வதுதான். புகைப்படத்தைப் போட்டு ட்ரேஸ் பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் கோபுரம் கோட்டுருவமாக வந்துவிடும். ஒரு நாள் எண்ணிக்கையைப் பார்த்தேன். அந்த ஒரு கோபுரத்தில் 61,000 சொச்சம் புள்ளிகள். கையால் வரைந்திருந்தால் 800 போதும். அதற்கு மேல் ஒரு மங்கலான நிழலும் போடுவோம். நிழல் என்பது வெக்டரே இல்லை. ஒவ்வொரு தடவையும் புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு மங்கலாக்க வேண்டும். பாவம் மென்பொருள்.

அண்ணையின் கணினியில் 8 ஜிபி நினைவகம் இருந்தது. ஆனாலும் பெரிய ஃபைலைத் திறந்தால் நினைவகம் போதாது என்று சொல்லி மூடிவிடும். "எட்டுக்கு மேல எவ்வளவு போட?" என்று அவர் கடைக்காரனிடம் போய்ச் சண்டை பிடித்தார். பிழை கடைக்காரனில் இல்லை. மென்பொருள் பழைய 32 பிட் பதிப்பு. விண்டோஸில் அப்படியான ஒரு செயலிக்கு வழக்கமாகக் கிடைப்பது 2 ஜிபி இடம்தான். அதற்கு மேல் எத்தனை ஜிபி வாங்கிப் போட்டாலும் அது எட்டிப் பார்க்காது. கடல் முழுக்கத் தண்ணீர் கிடந்தாலும் கையில் இருக்கும் வாளி ஒன்றுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பழைய பதிப்பு எங்கே விழும் என்று எங்கள் இருவருக்கும் மனப்பாடம். நிழல் போட்ட பிறகு அன்டூ அழுத்தக் கூடாது. இரண்டு ஃபைலைத் திறந்து வைத்து ஒன்றில் இருந்து மற்றதுக்குக் கொப்பி பண்ணுவதற்கு முன் சேவ் பண்ண வேண்டும். பீடிஎஃப் எடுக்கும்போது வேறு எதையும் தொடக் கூடாது, தேத்தண்ணி குடிக்கப் போய்விட வேண்டும். குண்டும் குழியுமான றோட்டில் தினமும் போகிறவன் கண்ணை மூடிக்கொண்டு ஹாண்டிலை ஒடிப்பான் இல்லையா, அந்த மாதிரி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில், என் இடது கை தானாகக் கண்ட்ரோல் எஸ் அழுத்தப் பழகியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு போய் நாட்டையே இருட்டாக்கியபோதும் நான் ஒரு கோட்டைக்கூட இழக்கவில்லை. விழுவது எங்களுக்குப் புதிது இல்லை. விழும் என்று தெரிந்தால் பாய் விரித்து வைக்கலாம்.

ஒரு நூலளவு

2023இல் ஒரு கல்வெட்டு வேலை வந்தது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், இது கல்லில் வெட்டுவது இல்லை. ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, குடும்பத்தார் எழுதிய அஞ்சலி, கடைசியில் நன்றி நவிலல். இறந்தவர் உப்புவெளிப் பக்கம் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. 32 பக்கம், 300 பிரதி. கல்வெட்டு வேலை எப்போதும் கடைசி நேரத்தில்தான் முடியும். வெளிநாட்டுப் பிள்ளைகளின் கவிதை முதல் நாள் இரவுதான் வாட்ஸ்அப்பில் வரும்.

அன்றைக்கும் அப்படித்தான். இரவு ஒன்றரை மணிக்கு அட்டைப்படத்தோடு சேர்த்து ஃபைலைத் திறந்தபோது அண்ணையின் கணினி நினைவகம் போதாது என்றது. திரும்பத் திறந்தோம். திரும்பவும் அதே கதை. அட்டையில் இருந்தது அந்த 61,000 புள்ளிக் கோபுரம். கடைக்குப் பின்னால், வெட்டுத்தாள் போடும் பெட்டிக்குள் ஒரு மான் வாயை விட்டுக் கடதாசி இழுத்துக்கொண்டு நின்றது. எங்கள் ஊர் மான்களுக்கு நேரம் காலம் கிடையாது. அண்ணை அதைத் துரத்தப் போன நேரத்தில் நான் பையில் இருந்து என் மடிக்கணினியை எடுத்தேன். அதே மென்பொருளின் புதிய 64 பிட் பதிப்பு, இரண்டு நாளுக்கு முன்தான் அப்டேட் செய்தது. ஃபைலை இழுத்துப் போட்டேன். கண் சிமிட்டுகிற நேரத்தில் திறந்தது. கோபுரத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினேன், வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. "பாத்தீங்களா அண்ணை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். நாலு மணிக்கு அச்சு முடிந்தது. அப்படி ஒரு பெருமையோடு நான் வீட்டுக்குப் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். பந்தலுக்குக் கீழே ஒன்பது பத்து வயதுப் பிள்ளை ஒன்று கல்வெட்டின் கடைசிப் பக்கத்துக்கு முன் பக்கத்தை விரித்து, விரலால் வரி வரியாக இறங்கிக்கொண்டு போனது. மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்ப் பட்டியல் இருக்கும் பக்கம். விரல் அடியில் போய் நின்றது. திரும்ப மேலே போய்த் திரும்ப இறங்கியது. பிறகு தாயிடம் போய், "அம்மா, என்ட பேர் எங்க?" என்று கேட்டது.

அந்தப் பட்டியலில் 36 வரி. அந்தப் பிள்ளைதான் கடைசிப் பேத்தி, கடைசி வரி. அண்ணையின் கணினியில் நான் பெட்டியை எழுத்துக்கு ஒட்ட ஒட்ட இழுத்து வைத்திருந்தேன். புதிய பதிப்பில் ஒவ்வொரு வரிக்கும் இடையில் ஒரு பொயின்ட்டில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஒரு பொயின்ட் என்பது ஓர் அங்குலத்தில் 72இல் ஒன்று. அதில் மூன்றில் ஒன்று என்றால் தலைமயிரின் கனம் இருக்கும். கண்ணால் பார்த்தால் யாருக்கும் தெரியாது. 36 வரியும் சேர்ந்தால் 12 பொயின்ட், சரியாக ஒரு வரி. கடைசி வரி பெட்டிக்கு வெளியே போய் மறைந்துவிட்டது. பெட்டியின் அடியில் எழுத்து மிச்சம் இருக்கிறது என்று ஒரு சின்னக் குறி காட்டியிருக்கும். நான் கோபுரத்தை இழுத்து வித்தை காட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் கூடியது என்று பிறகு நாள்கணக்காகத் தேடினேன். எழுத்துருவின் ஃபைலுக்குள் அதன் உயரத்தை மூன்று வெவ்வேறு இடத்தில் எழுதி வைக்கலாம். ஒழுங்காகச் செய்த எழுத்துருவில் மூன்றும் ஒத்துப்போகும். நாங்கள் பாவிக்கும் பழைய பாமினி வகையறாக்களில் பலதிலும் மூன்றும் மூன்று கதை சொல்லும். பழைய பதிப்பு ஓரிடத்தை வாசித்தது, புதியது இன்னோர் இடத்தை வாசித்தது. புதியது செய்ததுதான் முறை என்றும் இருக்கலாம். அந்தப் பதிப்பின் மாற்றப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நிலைத்தன்மை, வேகம் என்ற தலைப்புக்குக் கீழே, எழுத்து அடுக்கும் பகுதி திருத்தி வேகப்படுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி. அவ்வளவுதான். பொய் இல்லை. வேகமாகத்தான் இருந்தது.

அந்தத் தாய் என்னை ஏசவில்லை. ஒரு போல்பொயின்ட் பேனையை எடுத்து, மிச்சம் இருந்த பிரதிகளை மடியில் அடுக்கி வைத்து ஒவ்வொன்றிலும் மகளின் பெயரை எழுதத் தொடங்கினார். நானும் பக்கத்தில் இருந்து எழுதினேன். 170க்குக் கிட்ட இருந்திருக்கும். மற்றவை போய்விட்டன. அதில் ஒரு கட்டு அன்று பின்னேரமே கொழும்பு பஸ் ஏறிக் கனடா போகக் காத்திருந்தது.

கேட்டுவிட்டு நகர்த்துவது

இதன் பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. மென்பொருள் எழுதுகிறவன் நிலைத்தன்மை என்று சொன்னால், அது விழாமல் இருப்பது. நான் நிலைத்தன்மை என்று நினைப்பது, நேற்று வைத்தது இன்றைக்கும் வைத்த இடத்தில் இருப்பது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் வேறு வேறு விஷயம் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். விழுவது ஒரு வகையில் நேர்மையான காரியம். தடால் என்று சத்தம் கேட்கும், ஏசுவோம், திரும்பத் திறப்போம். சத்தம் போடாமல் நகர்ந்தால்தான் வினை.

நகர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்க்ஸ்கேப் என்ற இலவச வெக்டர் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரியில் வந்த 0.92 பதிப்பில், ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று இருந்த பழைய கணக்கை 96 ஆக்கினார்கள். இணையப் பக்க வடிவமைப்புக்கான சிஎஸ்எஸ் தரம் 96 என்று சொல்வதால் அது தேவையான மாற்றம். ஆனால் அதற்கு முன் வரைந்த ஒவ்வொரு ஃபைலின் அளவும் மாறிவிடும். அதனால் பழைய ஃபைலைத் திறந்தால் ஒரு பெட்டி வந்து, இது திரைக்கு வரைந்ததா, அச்சுக்கு வரைந்ததா என்று கேட்டது. அப்படியான ஒரு பெட்டியை நான் வாசிக்காமல் முதல் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். ஒரு மீன்பிடிப் படகுக்குப் பெயர் ஸ்டிக்கர், 300 மில்லிமீற்றர் நீளம் வர வேண்டியது. ஸ்டிக்கர் வெட்டும் பிளொட்டரில் 281 சொச்சம் வந்தது. 96இல் 90, கணக்குச் சரி. படகுக்காரர் ஸ்டிக்கரைப் படகில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடல் தண்ணியில சுருங்கிச்சோ?" என்றார். அதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. அவன் கேட்டான், நான்தான் பதில் சொல்லாமல் ஓகே சொன்னேன்.

2003இல் தொடங்கிய இங்க்ஸ்கேப்புக்கு 1.0 என்ற எண் 2020 மே மாதம்தான் கிடைத்தது. அந்தப் பதிப்பில் பக்கத்தின் பூச்சியப் புள்ளியை இடது கீழ் மூலையில் இருந்து இடது மேல் மூலைக்குக் கொண்டுபோனார்கள். இடத்தை எண்ணாக அடித்து வேலை செய்கிறவர்களுக்கு அது தலைகீழ்தான். ஆனாலும் சொல்லிவிட்டுச் செய்தார்கள். பழையபடி கீழேயே வைத்துக்கொள்ள ஒரு தெரிவும் விட்டார்கள். அடோபியின் வெக்டர் மென்பொருளான இலஸ்ட்ரேட்டரும் 10ஆம் பதிப்பில் இருந்து சிஎஸ் என்ற அடுத்த பதிப்புக்குப் போனபோது, பழைய எழுத்தைத் திருத்த வேண்டுமானால் முதலில் புதிய முறைக்கு மாற்ற வேண்டும், மாற்றினால் இடைவெளி மாறலாம் என்று எச்சரித்தது. இந்தக் கேள்விகள் எரிச்சல்தான். அவசர வேலைக்கு நடுவில் மாமியார் மாதிரிக் குறுக்கே வந்து நிற்கும். ஆனாலும் எனக்கு அந்த மாமியார் வேண்டும்.

அதற்காக அண்ணை செய்தது சரி என்று ஒத்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. பிளாஸ்டர் ஒட்டினால் கணினிதான் நிற்கும், ஊர் நிற்காது. அவருடைய விண்டோஸ் 7க்கு மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு கையை விரித்துவிட்டது. அதைவிடப் பெரிய பிரச்சினை, சனங்கள் அனுப்பும் தமிழ். முன்பு கையெழுத்தில் கொண்டு வருவார்கள், நாங்கள் பாமினியில் அடிப்போம். பாமினி அடிக்கிறவனுக்கு மெய்யெழுத்துப் புள்ளி என்பது அரைப்புள்ளி விசை. சுண்டுவிரலுக்குத் தெரிந்த தமிழ் அது. இப்போது எல்லாமே வாட்ஸ்அப்பில் யூனிகோடாக, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையில், வருகிறது. பழைய பதிப்புகளில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் எங்கேயோ. கோரல் ட்ரோ என்ற வெக்டர் மென்பொருளில் இந்த மாதிரி எழுத்துக்களை ஒழுங்காக அடுக்கும் வசதி 2012இல் வந்த எக்ஸ் 6 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தியதோடு இருந்தவர்கள் யூனிகோடைப் பாமினிக்கு மாற்றி, மாற்றியதில் வரும் பிழையைக் கண்ணால் தேடித் திருத்தி, பெயர்களைக் கொன்று கொன்றுதான் வாழ்ந்தார்கள். உரிமம் வாங்காத பதிப்புக்கு அப்டேட்டே வராது என்ற இன்னொரு கதையும் இருக்கிறது. அதை எடுத்தால் எங்கள் தெருவில் பாதிக் கடை என்னோடு கதைக்காது.

டியூப்லைட்

போன வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டி திரும்ப வந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அப்டேட் பண்ண முதல் பழைய கல்வெட்டு ஃபைலைத் திறந்து, பெயர்ப் பட்டியல் பக்கத்தை அச்செடுத்தேன். பெட்டியை இரண்டு வரிக்கு இடம் விட்டு அப்போதே பெரிதாக்கி வைத்திருக்கிறேன். எந்த வேலையிலும் இப்போது அப்படித்தான், அடியில் இரண்டு வரிக்கு வெறும் இடம். எழுத்தைக் கேர்வாக, அதாவது வெறும் கோட்டுருவமாக, மாற்றிய ஒரு பிரதியையும் பீடிஎஃப் ஒன்றையும் ஒவ்வொரு வேலையோடும் தனியாகச் சேமிக்கிறேன். இது இரட்டை வேலை, இடமும் தின்னும். பரவாயில்லை.

பிறகு 'இப்போதே' என்றதை அழுத்தினேன். என் ஃபோன் டேட்டாவில் இறங்கி முடிய அரை மணித்தியாலம் போனது. அண்ணை அதுவரைக்கும் ஒரு ரசீதுப் புத்தகத்துக்கு இலக்கம் அடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அதே ஃபைலைத் திறந்து அதே பக்கத்தை இன்னொரு தடவை அச்செடுத்தேன். நான் இரண்டையும் திரையில் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்று சொல்ல முதல், அவர் இரண்டு தாளையும் என் கையில் இருந்து வாங்கினார். மூலைக்கு மூலை தட்டிச் சேர்த்து, கதிரையில் ஏறி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். நாலு நிற ஒப்செட் காலத்தில் பிளேட் சரி பார்த்த கை அது. ஒரு தாளை நூலளவு தள்ளினார், திரும்ப ஒட்ட வைத்தார்.

"நடுவில கொஞ்சம் ஏறியிருக்கு," என்றார். "பதினெட்டாவது வரி மட்டுக்கும்."

"கடைசி?"

விரலை வரி வரியாக இறக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளை செய்த மாதிரியே. அடியில் வந்து நின்றது.

"இருக்கு," என்றார்.

இறங்கி வந்ததும், நல்ல நேரம் பார்த்து, உங்கட கணினிக்கும் புதுசு போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் அந்தப் பிளாஸ்டரைப் பெருவிரலால் ஒருக்கா அழுத்தி ஒட்டிவிட்டு ரசீதுப் புத்தகத்துக்குத் திரும்பிப் போனார்.